செங்கல் காலத்து எலும்பு டாக்டர்

எலும்பு முறிவுத் துறையில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தபோது வீட்டில் யாருக்கும் பெருமையில்லை. "அதுக்குப் புத்தூர் போனாப் போதுமேடா, இவ்வளவு படிக்கணுமா?" என்றார் சித்தப்பா. திருத்தணி, நகரி தாண்டினால் புத்தூர். பச்சிலை, முட்டை, மூங்கில் பத்தை வைத்து ஒரு கட்டு, வேலை முடிந்தது.

அன்று எங்கள் அரசு மருத்துவமனை வார்டில் முக்கியமான உபகரணம் செங்கல். தொடையெலும்பு முறிந்து வந்தவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் கம்பி செருகி, காலைத் தாமஸ் ஸ்ப்ளின்ட்டில் கிடத்தி, கயிற்றில் செங்கல்லைத் தொங்கவிடுவோம். கட்டிலின் கால்மாட்டை உயர்த்துவதும் செங்கல்தான். எலும்புக்குள் ஆணி இறக்கும் வித்தையைக் குன்ட்ஷர் 1940-லேயே ஜெர்மனியில் காட்டிவிட்டார். எங்களிடமும் ஆணி இருந்தது. தியேட்டரில் முறை வரத்தான் வாரக்கணக்காகும். மாவுக்கட்டுத் துணியை வார்டு ஆயாவே தயாரிப்பார்: காஸ் துணியில் மாவைத் தேய்த்துச் சுருட்டித் தகர டப்பாவில் அடைப்பார். மழைக்காலத்தில் டப்பாவுக்குள்ளேயே கட்டிதட்டிவிடும்.

நோயாளி இரண்டு மூன்று மாதம் படுத்திருப்பார். அவர் மகளுக்கு வரன் தகைந்தது வரை எங்களுக்குத் தெரியும். ரவுண்ட்ஸில் சீஃப் எக்ஸ்ரேயை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "பார், தொடு, அசை, அப்புறம் படம் தர்றேன்" என்பார். ஆப்லி பாடநூல் சொல்லும் வரிசை அது.

இப்போது நான் சீஃப். ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் இருக்கிறது, ஆணியைப் பூட்டும் திருகு இருக்கிறது, 2012-க்குப் பிறகு முதலமைச்சர் காப்பீடு இருக்கிறது. தொடை முறிந்தவர் மறுவாரமே வாக்கர் பிடித்து வீட்டுக்குப் போய்விடுகிறார். மாணவன் அவர் முகத்தைப் பார்ப்பதற்குள் கட்டிலில் வேறு ஆள். பாவம், அவன் முதலில் எம்.ஆர்.ஐ.யைப் படித்துவிட்டு, அதற்குத் தோதாக முட்டியைத் தடவுகிறான். குற்றம் சொல்ல முடியாது. மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் கேள்விக்கு நான்கு விடைகள்; விரல் நுனியில் தெரிவதற்கு அங்கே கட்டம் இல்லை. எனக்கும் பரீட்சை உண்டு: வருகைப் பதிவுக்குக் காலையில் கைப்பேசியில் முகத்தைக் காட்ட வேண்டும். என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று யாரும் கேட்பதில்லை, வந்தேனா என்றுதான் கேட்கிறார்கள்.

அதற்காகச் செங்கல்லுக்குக் கோயில் கட்டச் சொல்லமாட்டேன். படுக்கைப்புண், மடங்காத முட்டி, குட்டையாகிப்போன கால் எல்லாம் அந்தக் காலத்துச் சொத்துதான். ஆணியே மேல்.

ஆனால் இறுகிய கட்டைக் கண்டுபிடிக்க இன்றும் இயந்திரம் தேவையில்லை. நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் உடனே சிவக்க வேண்டும். மாணவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் சொல்கிறேன். கட்டு யார் போட்டதானாலும், நானே போட்டதானாலும், விரல் நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, விரலை நீட்டினால் உயிர்போகிற வலி வந்தாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள்.