குவாக்கமோலே துவையலே என்பது

துவையல் யாதோவெனின், உப்பும் உறைப்பும் புளிப்பும் கூட்டிக் கல்லில் இட்டு, நீர் ஊற்றாமல் அரைத்தது. நீர் ஊற்றினால் சட்னி. மேலும் ஊற்றினால் விருந்தாளி வந்துவிட்டார் என்று பொருள். இவ்விலக்கணப்படி, மலேசியாவின் பண்டமாரான் சமையற்கட்டில் வெண்ணெய்ப் பழத்தைக் குழைத்து, பெயர் வாயில் நுழையாமல் 'அந்தப் பச்சை' என்று பரிமாறப்படும் மெக்சிகோப் பண்டமும் துவையலே என நிறுவுவது இவ்வாய்வின் நோக்கம். முதன்மைச் சான்று அம்மி (மேல்முகம், இடப்பக்கக் கறை). அம்மி இல்லாத வீட்டார், மலாய்க்காரர் பிளாச்சான் சம்பால் இடிக்கும் லெசுங் பத்துவை ஒப்புநோக்குக. மெக்சிகோவில் இவ்வேலையைச் செய்வது எரிமலைக் கல்லில் குடைந்த மூன்று கால் உரல், பெயர் மொல்காஹெத்தே. மிக்சி ஆய்வுக்கு உரியதன்று.

இனிப் பெயராராய்ச்சி. மெக்சிகோவின் பூர்வீக நவாட்டு மொழியில் அவாகாத்ல் என்பது இப்பழம். மொல்லி என்பது அரைத்த குழம்பு. இரண்டும் புணர்ந்து அவாகாமொல்லி ஆகி, ஸ்பானியர் வாயில் குவாக்கமோலே ஆயிற்று. அகராதி இவ்வளவுதான் தரும். இவ்வளவோடு நின்றவனுக்கு எந்த மாநாட்டிலும் பொன்னாடை கிடையாது. ஆகவே, 'குழைக்கும் ஒலி' என்னும் செந்தமிழ்த் தொடரே கடல் கடந்து குவாக்கமோலே எனத் திரிந்தது என்க. ழகரம் எங்கே போயிற்று எனின், கப்பலேறிய எழுத்து நனையாமல் கரை சேராது (மேற்படி அம்மி, இடப்பக்கக் கறை, மழைக்காலக் கழுவலுக்குப் பிந்திய பாடம்). இந்த முறையால் உலகத்து மொழிகள் அனைத்தையும் ஒரே மாலையில், தேநீர் ஆறுவதற்குள், தமிழாக்கிவிடும் அறிஞர் நம்மிடையே பலர். அவர்களுக்குக் கறைகூடத் தேவைப்படுவதில்லை; சான்று கேட்டவனை இனத்துரோகி என்றால் வேலை முடிந்தது. அவாகாத்லுக்கு நவாட்டில் வேறொரு பொருளும் உண்டு. குடும்பத்தார் படிக்கும் ஏடாதலின் அடுத்த பத்திக்குச் செல்வோம்.

அயல்நாட்டுப் பழத்தை அரைத்தால் துவையல் ஆகாது என்பாரும் உளர். அவர் மிளகாயை மறந்தார். மிளகாய் மெக்சிகோப் பக்கத்தது. 1492க்கு முன் ஆசியாவில் எந்த அம்மியும் அதைக் கண்டதில்லை. போர்த்துக்கீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்த அந்த நூற்றாண்டில்தான் அது கீழைக் கடல்களில் பரவியது. நம்மவர் அதை மிளகின் உறவாக்கி, மிளகுக் காய் என்று பெயரிட்டு, பூர்வீகக் குடியுரிமையும் கொடுத்துவிட்டனர். மறுபுறம், இன்றைய குவாக்கமோலேயில் விழும் வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை மூன்றையும் அந்நாட்டுக்குக் கொண்டு சேர்த்தவர் ஸ்பானியர். அவர்கள் உறைப்பு நம் அம்மியில், நம் பக்கத்துப் புளிப்பு அவர்கள் உரலில். பழம் ஒன்றுதான் பாக்கி; அதை மட்டும் குடிநுழைவு முகப்பில் நிறுத்தி வைப்பது எந்த நீதி? வறுக்காதது துவையலா எனின், பச்சைத் தேங்காய்த் துவையலை வறுத்தவர் யார்? சோற்றுக்கு ஆகுமோ எனின், பிசைந்து பார்க்க.

எஞ்சியது கொட்டை. அரைத்த கிண்ணத்தின் நடுவே பழக்கொட்டையைப் புதைத்து வைத்தால் பண்டம் கருக்காது என்னும் கொள்கை ஒன்று சமையற்கட்டுகளில் நிலவுகிறது. கருப்பது ஏனெனின், வெட்டுப்பட்ட சதையிலுள்ள பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி, சதையின் ஃபீனால்களைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூட்டுவதால். கொட்டை தன் அடியில் உள்ளதை மட்டும் காற்றிலிருந்து மறைக்கிறது. அதனிடத்தில் ஒரு கோலிக்குண்டை வைத்தாலும் தன்னளவுக்கு மறைக்கும். ஆயினும் கொட்டைக் கொள்கையினர் தளர்வதில்லை. கருத்துவிட்டால் கொட்டை சிறிது என்பர். பெரிய கொட்டை வைத்தும் கருத்தால், வைத்தவர் கையில் குறை என்பர். கருக்குமுன்னே தின்று தீர்ந்துவிட்டால், பார்த்தீர்களா, கொட்டையின் மகிமை என்பர். தோற்கவே வழியில்லாத இத்தகைய கொள்கைக்கு ஒரு பல்கலைக்கழகத் துறை இன்னும் அமையாதது வியப்பு (குழவி, அடிப்புறம், மூன்றாம் தேய்மானம், ஒப்புநோக்குக: தேங்காய்த் துருவி, உடைந்த பல், பொருள் விளங்கவில்லை). உண்மையில் உதவுவன இரண்டு. ஒன்று, லிமாவ் கஸ்தூரி என்னும் சிறு எலுமிச்சையின் சாறு. அதன் புளிப்பு நொதியை மந்தமாக்கும். மற்றது, பண்டத்தின் மேலேயே படியுமாறு, காற்று புகாமல் அழுத்திய பிளாஸ்டிக் தாள்.

செய்முறையைக் கற்றோர் அடிக்குறிப்பில் ஒளிப்பர். இங்கே வெளிப்படையாகவே சொல்லலாம். வெண்ணெய்ப் பழம் மரத்தில் கனியாது, பறித்த பின்னரே கனியும். காம்பருகே விரல் வைத்தால் மெல்ல இசைந்து கொடுக்கும் நாளே நாள். முதலில் உப்பு, பச்சை மிளகாய், வெங்காயம், கொத்தமல்லியைக் கல்லில் நைய அரைத்து, சதையைக் கடைசியில் இட்டு, கட்டிகள் கொஞ்சம் எஞ்சுமாறு குழைக்க. பிறகும் மேல்பரப்பு கருத்தால், அதைச் சுரண்டி எறிவதா, கிளறி உள்ளே தள்ளுவதா என்பதில் உரையாசிரியர் மாறுபடுவர். வாசலில் செருப்புக் கழற்றும் ஓசை கேட்டபின் கிளறுவதே பெருவழக்கு (மேற்படி அம்மி, வலப்பக்கக் கறை, மஞ்சள் படலத்துக்குக் கீழ், இரண்டாம் அடுக்கு, பாடபேதம்: புளி).