தன்னை எண்ண மறந்தவர்

கேள்வி: முட்டாள்களைச் சகிப்பது பெருந்தன்மையா? சகிக்காதவர் புத்திசாலியா?

பதில்: வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில், ஆற்றைக் கடந்த சீடர்கள் தலைகளை எண்ணுகிறார்கள். எண்ணுபவன் தன்னை விட்டுவிடுவதால் ஓர் ஆள் குறைகிறது. ஆறு விழுங்கிவிட்டதென்று ஒப்பாரி. ஊர் முட்டாள்களை எண்ணிச் சலித்துக்கொள்பவர் போடுவதும் இதே கணக்குத்தான். டன்னிங், க்ரூகர் என்ற உளவியலாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வில் கடைசிக் கால்பங்கில் இருந்தவர்கள்கூடத் தங்களைச் சராசரிக்கு மேலே வைத்துக்கொண்டார்கள். ஆகவே சகிப்பு தருமமல்ல, கைமாற்று: இன்று நாம் பொறுத்தால், நாளை நம்மைப் பொறுப்பார்கள். அப்படி விட்டால் முட்டாள்தனம் வளராதா என்பீர்கள். ஆளைப் பொறுங்கள், கணக்கைத் திருத்துங்கள். சீடர்களின் அழுகையை நிறுத்தியவன் சரியாக எண்ணிக் காட்டிய வழிப்போக்கன்தான். முதுகில் அடித்தல்லவா எண்ணினான்? அந்தச் சலுகை, வேலையை முடித்துக் கொடுப்பவருக்கு மட்டும்!