நாற்காலி ஆணா, பெண்ணா?

தமிழ் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் எடுத்த எடுப்பிலேயே 247 எழுத்து என்று சொல்லிவிடக் கூடாது. எந்த ஜவுளிக்கடைக்காரர் புடவையைப் பிரிக்கும் முன்னால் விலையைச் சொல்கிறார்? உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று ஆரம்பித்து, மிச்சம் 216-ம் இவற்றின் கூட்டணிதான் என்று மெதுவாக இறக்க வேண்டும். கூட்டணி என்றால் லக்னோக்காரர்களுக்கும் புரிகிறது.

லக்னோ என்றது எங்கள் மாடி வீட்டுப் பெண்ணை. ஐ.டி. கம்பெனியில் வேலை. நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்று யாரோ அவளிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். நான் ஓய்வுபெற்றது பேங்க்கிலிருந்து. ஆனால் ஒருத்தி நோட்டும் பேனாவுமாக வந்து 'சார்' என்று நிற்கும்போது மறுக்க மனம் வருமா?

"நாற்காலி ஆணா, பெண்ணா சார்?"

இந்திக்காரர்களுக்கு இது நியாயமான கவலை. அங்கே நாற்காலி பெண், கதவு ஆண், ரொட்டி பெண். நம்மிடம் அந்த வம்பே கிடையாது, உயிரில்லாததெல்லாம் அஃறிணை, தீர்ந்தது விஷயம் என்றேன். வரிவிலக்கு கிடைத்தவள்போல் சிரித்தாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் அழுகுரல். "குழந்தை அழுகிறது" என்றேன். சிரிப்பு நின்றது.

"குழந்தையும் நாற்காலியும் ஒண்ணா?"

அடுத்தது 'க'. இந்தியில் நாலு இருக்க, நமக்கு ஏன் ஒன்று? சொல்லின் முதலில் வந்தால் வன்மை, மெல்லினத்தை அடுத்து வந்தால் குழைவு, இரட்டித்தால் மறுபடி வன்மை: கல், சங்கு, பக்கம். இடத்தைப் பார்த்து ஒலி மாறும், அதனால் ஒரே எழுத்து போதும் என்று விளக்கி மார்தட்டிக்கொள்ளும் நேரத்தில், "அப்போ பஸ்?" என்றாள். பணத்தின் ப-வும் பஸ்ஸின் ப-வும் வேறுதான். "பணம் கொடுத்துத்தானே பஸ்ஸில் ஏறுகிறோம், பழகிடும்" என்று சமாளித்தேன். "சாதா பஸ்ல லேடீஸுக்கு டிக்கெட் இல்லையே சார்."

நாமுக்கும் நாங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை, வீட்டுக்காரம்மாவே விளக்கிவிட்டார். இந்தியில் இரண்டுக்கும் ஒரே 'ஹம்'. இந்தப் பெண் மாடிப்படியில் அவரைப் பார்த்து, "சனிக்கிழமை நாம ஊட்டி போறோம் ஆன்ட்டி" என்றிருக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த அம்மாள் ஸ்வெட்டர் கடன் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும் என்பதிலெல்லாம் அவளுக்குச் சிக்கலே இல்லை. இந்தியிலும் 'எனக்கு'தான்.

ஆனால் அப்பாவுக்கு 'வாங்க', அம்மாவுக்கு 'வா' ஏன் என்று ஒருநாள் கேட்டாள். எங்கள் பெண் வீட்டுக்கு வந்திருந்தபோது கவனித்திருக்கிறாள். பாசம், உரிமை என்று நான் நன்றாகத்தான் ஆரம்பித்தேன். அடுப்படியிலிருந்து, "நல்லாக் கேளும்மா, நானும் ரொம்ப நாளாக் கேட்கணும்னு இருக்கேன்" என்று குரல் வந்தது. அன்றைய வகுப்பு அத்தோடு முடிந்தது.

ஏதோ ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு அவள் தானாகவும் படித்தாள். அதன் பலனாக ஆட்டோக்காரரிடம், "தாங்கள் அடையாறு வருவீர்களா?" என்று கேட்டாள். "ஷூட்டிங்காம்மா?" என்று அவர் சுற்றுமுற்றும் கேமராவைத் தேடினாராம். இந்தச் சங்கடத்தை முதலிலேயே புரிந்துகொண்டவர் வீரமாமுனிவர். இத்தாலியிலிருந்து வந்தவர், செந்தமிழுக்கு ஓர் இலக்கணம், பேச்சுத்தமிழுக்கு ஓர் இலக்கணம் என்று லத்தீனில் தனித்தனியாகவே எழுதிவைத்தார். பேச்சுத்தமிழ் நூல் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாகிவிட்டது. அதற்கும் முன்னால், 1716-இலேயே, சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் ஜெர்மனியில் ஹாலே நகரில் வெளிவந்தாயிற்று. வந்தவர்கள் கேட்டுக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார்கள். பதில் சொன்ன உள்ளூர்க்காரர்கள் என்ன பாடுபட்டார்களோ! அவர்களிலும் ஒரு பேங்க் ஆசாமி இருந்திருப்பார் என்பது என் சந்தேகம்.

இப்போது அவள் கேள்விகளைக் குறைத்துக்கொண்டு அடுப்படியில் என் மனைவியோடு அரட்டை அடிக்கிறாள். போன வாரம் தண்ணி கேன் போடும் பையனிடம், "நேத்தே சொன்னேன்ல?" என்று ஒரு போடு போட்டாள். அந்த 'ல' எங்கிருந்து வந்தது என்று அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் விதியோடு பதில் சொல்லிவிடுவாள்.