டக் போட்டுக்கு 3900 கேவி

தேக்கா நிலையத்தின் சாப்பாட்டுக் கடைகள், ஞாயிறு காலை. மேசைக்கு இந்தப் பக்கம் மாமா: செம்பவாங் கப்பல் பட்டறையில் மோட்டாருக்குச் சுருள் கட்டியே ஓய்வுபெற்றவர். சட்டைப் பையில் பென்சிலும் மல்ட்டிமீட்டரும். எதிரே மருமகன்: வங்கியில் மென்பொருள் வேலை. முதலில் வாங்கிவிட்டு அப்புறம் படித்துப் பார்க்கும் ரகம். நடுவில் 60 சென்டிமீட்டர் நீளத்தில் ஓர் இழுவைப் படகின் (டக் போட்) மாதிரி வடிவம். பரோட்டாத் தட்டு வைக்க இடமில்லை.

மருமகன்: மாமா, புகை வந்துடுச்சு.

மாமா: எதுல இருந்து?

மருமகன்: மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற இஎஸ்சியில இருந்து. பாப்பாவோட காத்தடைச்ச தொட்டியில விட்டேன். ஒரு உறுமல், அரைச் சுத்து, அப்புறம் நாத்தம்.

மாமா: என்ன மோட்டார் போட்ட?

மருமகன் (நிமிர்ந்து உட்கார்ந்து): பிரஷ்லெஸ். 3900 கேவி. நாலு செல், 4எஸ் லைப்போ.

மாமா: எதை வச்சு முடிவு பண்ணின?

மருமகன்: மூணு இருந்துச்சு மாமா. 400, 1200, 3900. பெரிய நம்பரை எடுத்தேன். பவர் அதுலதானே ஜாஸ்தி?

மாமா: கேவிங்கறது பவர் இல்லடா. பாரம் எதுவும் இல்லாம, ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு எத்தனை சுத்து, அவ்வளவுதான். உன் பாட்டரி 14.8 வோல்ட். பெருக்கு. 57,720 சுத்து. அந்த வேகத்துல ஓடத் துடிக்கிறவன் தலையில 60 மில்லிமீட்டர் புரொப்பெல்லரை மாட்டியிருக்க. அவனால சுத்த முடியல. சுத்த முடியாத மோட்டார் கரன்ட்டைக் குடிக்கும். குடிச்சதெல்லாம் சூடாப் போச்சு.

மருமகன்: 400 மட்டும் என்ன கிழிச்சிருக்கும்?

மாமா: அதே ஆம்பியருக்குக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு முறுக்கு கொடுத்திருக்கும். கேவி ஏற ஏற, ஆம்பியருக்குக் கிடைக்கிற முறுக்கு குறையும்.

மருமகன்: பெரிய நம்பர்னா மட்டமா? சிங்கப்பூர்ல அப்படி ஒரு விஷயமே கிடையாது மாமா.

மாமா: உன் மகளுக்கு பிஎஸ்எல்இ வருமில்ல, அப்பப் பாரு. 2021லேர்ந்து அதுல 4 வாங்கினாத்தான் உச்சம். 32 வாங்கிட்டு வந்தா நம்பர் பெருசுன்னு கேக் வெட்டுவியா?

(மருமகன் இதற்குப் பதில் சொல்லவில்லை. டியூஷன் கட்டணம் நினைவுக்கு வந்திருக்கலாம்.)

மருமகன்: எனக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் போகணும்.

மாமா: டக் போட்டுல? சிஓஇ எடுத்துக் கார் வாங்க முடியாத ஆத்திரத்தைப் பாவம் இது மேல காட்டுற. தண்ணியை ஒதுக்கிக்கிட்டுப் போற படகுக்கு நீளம்தான் வேக வரம்பு. 60 சென்டிமீட்டருக்கு மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் வரும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் ரோட்டுக் கூட்டத்துல நாம நகர்ற வேகம். அதுக்கு மேல எத்தனை குதிரையைக் கட்டினாலும், தான் கிளப்பின அலை மேலயே ஏறப் பாத்து வால் தாழும்.

மருமகன்: வீடியோவுல பறக்குதே?

மாமா: அது தட்டை அடி. எடையே இல்லாம தண்ணி மேல எழும்பி வழுக்கும். உன் 3900 அதுக்குப் பொறந்தது, அதுவும் சின்னப் புரொப்பெல்லரோட. புரொப்பெல்லர்ல விளையாடாத. குறுக்களவைப் பத்து சதம் கூட்டினா, அதே சுத்துக்கு அறுபது சதம் கூடுதல் பவர் கேக்கும்.

மருமகன்: பாட்டரி தாங்கும் மாமா. 5000 எம்ஏஎச், 100சி!

மாமா: அஞ்சு ஆம்பியரை நூறால பெருக்கினா 500 ஆம்பியர். நம்ம வீவக வீட்டு மெயின் சுவிட்சே 40 ஆம்பியர்தான். வோல்ட் வேற, ஒத்துக்கறேன். ஆனா ஸ்டிக்கர்ல போட்டபடியே அது 500 கொடுத்தா 36 செகண்டுல காலி. பிளக்கு என்ன?

மருமகன்: எக்ஸ்டி60.

மாமா: அறுபது ஆம்பியர் பிளக்கு வழியா ஐநூறு. நல்லா வரும். சார்ஜ் எங்க போடற?

மருமகன்: கட்டிலுக்கு அடியில.

(மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். குடிமைத் தற்காப்புப் படையின் தொலைபேசி எண்ணைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொள்கிறார்.)

மருமகன்: இன்னொண்ணு. மோட்டார் பின்பக்கமாச் சுத்துது. கடைக்காரர் மாத்தித் தர மாட்டேன்னுட்டார்.

மாமா: எதுக்கு மாத்தணும்? மூணு வயர்ல ஏதாவது ரெண்டை மாத்திப் போடு, திரும்பிடும். பட்டறையில த்ரீ ஃபேஸ் பம்புக்கும் இதே வைத்தியம்தான்.

மருமகன் (ஏமாற்றத்தோடு): இவ்வளவுதானா?

மாமா: பாசிர் ரிஸ் கடற்கரையில மலாய்க்காரங்க ஜோங் விடுறதைப் போய்ப் பாரு. தெற்குத் தீவுல இருந்தவங்களோட விளையாட்டு. கையால செஞ்ச பாய்மரப் படகு. ரிமோட் இல்ல, மோட்டார் இல்ல. பாயைச் சரி பண்ணிக் கையை விட்டா தானா சீறிக்கிட்டு ஓடும்.

மருமகன்: பாட்டரி?

மாமா: காத்து.

மருமகன்: அது எத்தனை எஸ் மாமா?

(மாமா பரோட்டாவைப் பிய்க்கிறார். தேவைக்கு அதிகமான முறுக்குடன்.)

மருமகன்: சரி, நீங்க செய்யற குட்டித் தோங்காங், அந்தச் சரக்குப் படகு, எப்ப தண்ணியில இறங்குது?

மாமா: அது வேற விஷயம். படகு முகப்புல கண்ணு வரைஞ்சாச்சு. 1983ல சரக்குப் படகையெல்லாம் சிங்கப்பூர் ஆத்தை விட்டு பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினாங்களே, அப்ப பாத்து மனசுல வச்ச கண்ணு.

மருமகன்: மோட்டார்?

மாமா: 350 கேவியா 380ஆன்னு கணக்குப் பாத்துக்கிட்டிருக்கேன்.

மருமகன்: என் கல்யாணத்தப்பவும் இதைத்தான் சொன்னீங்க. பாப்பா இப்ப தொடக்கநிலை ரெண்டு. அதே ஆத்துல டூரிஸ்ட்டை ஏத்திக்கிட்டு பம்போட் பாட்டரியில ஓடுது. 2030லேர்ந்து துறைமுகத்துக்குள்ள புதுசா வர்ற படகெல்லாம் மின்சாரத்துலயோ பயோஃபூயல் மாதிரி மாத்து எரிபொருள்லயோ ஓடக்கூடியதா இருக்கணுமாம். உங்களுது மட்டும் டிவி மேசையிலேயே நங்கூரம் போட்டிருக்கு. எனக்காவது புகை வந்துச்சு!

மாமா: ஓடுற படகெல்லாம் எவனோ கணக்குப் போட்டதால ஓடுது.

மருமகன்: போட்டு முடிச்சதால.

(நீண்ட இடைவெளி. தே தாரிக் ஆடை கட்டுகிறது.)

மாமா: 400ஐ வாங்கு. 3எஸ் போதும். நடுவுல ஒரு வாட்மீட்டர் மாட்டு. சின்னப் புரொப்பெல்லர்ல ஆரம்பிச்சு, கரன்ட்டைப் பாத்துப் பாத்துப் பெரிசாக்கு.

மருமகன்: அப்ப இந்த 3900? குப்பையிலயா?

மாமா: எவ்வளவு கொடுத்த?

மருமகன்: 48 வெள்ளி.

மாமா: முப்பது தரேன்.

மருமகன்: உங்களுக்கு எதுக்கு மாமா? டக் போட்டுக்கே ஆகாதுன்னீங்க, தோங்காங்குக்கு ஆகுமா?

மாமா: யாரு படகுக்குன்னது? மேசையில இறுக்கி வச்சுச் சும்மா ஒரு தடவை ஓட விட்டுப் பாக்கத்தான். (சுற்றிலும் பார்த்துவிட்டு) மாமிகிட்ட மூச்சு விடாத. ஏன்டா, சிம் லிம் டவர்ல 6எஸ் பாட்டரி கிடைக்குமா?