வேகம் எங்கே போகிறது?

கேள்வி: யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவன் இலங்கை அணிக்கு வேகப்பந்து வீசும் நாள் வருமா? (வாசகர், பருத்தித்துறை)

பதில்: எங்கள் பெடியளிடம் வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது முழுக்க ரியூசனுக்குச் சைக்கிள் மிதிப்பதில் போய்விடுகிறது. பதினேழு பதினெட்டு வயதில்தான் தோளில் பலம் ஏறும். உயர்தரப் பரீட்சையும் அப்போதுதான் வந்து நிற்கும். அம்மாவின் யோர்க்கருக்கு முன் எந்த ஸ்டம்ப் நிற்கும்?

தமிழருக்கு வேகம் வராது என்பவர்களிடம் இலங்கைக்கு வேகப்பந்து வீசிய வினோதன் ஜோனின் கணக்கைக் காட்டுங்கள். கொழும்பில் பிறந்தவர். 1983இல் நியூசிலாந்தில் ரெஸ்ட் அறிமுகம். 6 ரெஸ்ட்களில் 28 விக்கெட், சராசரி 21.92. இப்படி ஒரு சராசரி வைத்திருந்தவருக்கு 1984 லோர்ட்ஸ் ஆட்டமே கடைசி ரெஸ்ட்! 1983, 1987 உலகக் கிண்ணங்களிலும் ஆடினார். அவருக்கு இன்னும் பத்து ரெஸ்ட்டாவது கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

குடாநாட்டுக்கு வந்தால், யாழ். மத்திய கல்லூரியின் வியாஸ்காந்த் 2024இல் ஐ.பி.எல். வரை போய் சன்ரைசர்ஸ் அணிக்கு ஆடினார். ஆனால் அவர் லெக் ஸ்பின்னர். சுழலுக்கு முரளி வழிகாட்டினார். வேகத்துக்கு வழிகாட்ட இங்கே ஆள் இல்லை. மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸும் 1904இலிருந்து மோதும் வடக்கின் பெரும்போரில், துடுப்பாட்டக்காரனுக்குத்தான் பப்பாரே சத்தம் கூட.

நாள் வரும். வீட்டில் நெடுத்த பெடியன் இருந்தால், பின்னேர ரியூசனில் ஒன்றையாவது நிற்பாட்டிவிடுங்கள்.