கூச்சல் போடுகிற பாடம்

நுழைவுத் தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டே நாள் என்று தெரிந்ததும் மனிதர்கள் முதலில் செய்வது படிப்பதல்ல, கடைக்குப் போவது. நாலு நிற ஹைலைட்டர், ஒரு கட்டு ஒட்டுத்தாள், வாசனை மாறாத புது நோட்டு. அப்புறம் கால அட்டவணை. காலை ஐந்து மணிக்குத் தொடங்கும் அந்த அட்டவணைக்குக் கோடு போட்டு முடிக்கும்போது இரவு பதினொன்றாகியிருக்கும். மிச்சம் பதினொரு நாள். உடற்கூறியலின் முதல் பக்கத்திலிருந்து வரி விடாமல் மஞ்சள் பூசிக்கொண்டு போனால், தேர்வு நாளன்று எலும்புகள் எல்லாம் அத்துப்படி. இதயம் இருக்கிற பக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்க மாட்டோம். கடைசி நேரத்தில் படிப்பவர்கள் தோற்பது நாள் போதாததால் அல்ல, வரிசை தெரியாததால் என்பது என் கட்சி.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே நர்சிங் பள்ளிகள் பல, விண்ணப்பத்தோடு ‘டீஸ்’ என்ற தேர்வின் மதிப்பெண்ணையும் கேட்கின்றன. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் தேநீர்கள் என்று படிக்கலாம். காதால் கேட்டால் சீண்டல். இரண்டாவதுதான் பொருத்தம். மொத்தம் 170 கேள்விகள், 209 நிமிடங்கள். 210 என்று முழுசாகக் கொடுத்தால் ஒரு நிமிடம் மூச்சு விட்டுவிடுவார்களோ என்று யாருக்கோ பயம் போலிருக்கிறது. வாசிப்புக்கு 45, கணக்குக்கு 38, அறிவியலுக்கு 50, ஆங்கிலத்துக்கு 37 என்று கேள்விகள் பிரியும். இவற்றில் 20 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது. பின்னால் பயன்படுத்தலாமா என்று வெள்ளோட்டம் பார்க்கிறார்கள். எந்த இருபது என்பது ரகசியம். விடை தெரியாத ஒவ்வொரு கேள்வியும் அந்த இருபதில் ஒன்று என்று நம்புவது தேர்வெழுதுபவரின் பிறப்புரிமை. அப்படி நம்பியவை அறுபதைத் தாண்டும்போதுதான் சிக்கல்.

இனி வரிசைக்கு வருகிறேன். பேருந்து கவிழ்ந்து நாற்பது பேர் காயத்தோடு கிடக்கிற இடத்தில் யாரை முதலில் பார்ப்பது என்பதற்கு மருத்துவ உலகில் ஒரு முறை உண்டு. ட்ரையாஜ் என்பார்கள். அதில் ‘ஸ்டார்ட்’ என்ற வகையைக் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில், ஒரு மருத்துவமனையும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து 1983-இல் உருவாக்கின. அதன் முதல் படி எனக்கு மிகவும் பிடித்தது: நடக்க முடிந்தவர்கள் எல்லாம் இந்தப் பக்கம் வாருங்கள் என்று உரக்கச் சொல்வது. எழுந்து வருகிறவர்களுக்குப் பச்சை அட்டை. பிறகு மற்றவர்களின் மூச்சையும் நாடியையும், சொன்னதைச் செய்கிறார்களா என்பதையும் ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குள் பார்த்து, உடனே கவனிக்க வேண்டியவர்களுக்குச் சிவப்பு, சற்றுப் பொறுக்கக்கூடியவர்களுக்கு மஞ்சள், கைவிட வேண்டியவர்களுக்குக் கறுப்பு. இதில் சூட்சுமம் ஒன்று உண்டு. பெரிதாகக் கூச்சல் போடுகிறவருக்கு மூச்சு நன்றாக இருக்கிறது என்று பொருள். உண்மையான ஆபத்து சத்தமில்லாமல் ஓரமாகக் கிடக்கும்.

பாடப் புத்தகத்திலும் இதே கதைதான். வேதியியல் கூச்சல் போடுகிற பாடம். சமன்பாட்டைப் பார்த்ததுமே பலருக்குப் பள்ளிக்கூடத்து வயிற்றுவலி திரும்பி வரும். பயந்து, பன்னிரண்டில் ஐந்து நாளை அதற்கே படைத்துவிடுவார்கள். மதிப்பெண் உள்ள 150 கேள்விகளில் அதன் பங்கு எட்டு. சத்தம் போடாத உடற்கூறியலுக்கும் உடலியங்கியலுக்கும் பதினெட்டு. ஆகவே முதல் நாளன்று செய்ய வேண்டியது, ஒரு வரிகூடப் படிக்காமல் முழு மாதிரித் தேர்வையும் கடிகாரம் வைத்து எழுதிக் கம்பீரமாகத் தோற்பது. நடக்க முடிந்த பாடம் தானாக எழுந்து நடந்து வரும். பலருக்கு அது வாசிப்புப் பகுதி. அதற்குப் பச்சை அட்டை கொடுத்து உட்கார வைத்துவிடலாம். கொஞ்சம் கைகொடுத்தால் பிழைக்கும் என்று தெரிவதற்குச் சிவப்பு. எது கறுப்பு என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை மனசாரக் கைவிடுவதுதான் கஷ்டம். கறுப்பு அட்டை மாட்டிய பாடத்தின் அருகே நள்ளிரவில் போய் உட்கார்ந்து அழுகிறவர்கள் உண்டு. தவறான விடைக்கு இந்தத் தேர்வில் மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால், கைவிட்டதற்கும் ஏதாவது ஒரு விடையைக் குறித்துவிட்டு வரலாம். அவ்வளவு மரியாதை போதும்.

மஞ்சள் பூசுகிறவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். நாலு தரம் படித்தால் மனதில் பதியாதா என்பார்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்காகவே செய்தது போலிருக்கும். ஒரு பகுதியைச் சிலர் நான்கு முறை படித்தார்கள். வேறு சிலர் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று முறை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களுக்கு நினைவிருந்தது 83 சதவீதம், எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. ஹைலைட்டர்காரரின் தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறதல்லவா? அந்த ஐந்தாவது நிமிடத்தில் அவர் நிஜமாகவே ஜெயித்துக்கொண்டிருக்கிறார். நேர்மையாக ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: தேர்வறை வாசலில் நின்று கடைசி நிமிடத்தில் பக்கம் புரட்டுகிறவரைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை. ஆராய்ச்சி அவர் பக்கம்.

அடுத்த ஆட்சேபம் கனமானது. பன்னிரண்டு நாளில் ஒப்பேற்றி வந்தவர் கையில் ஊசியைக் கொடுத்தால் நம்பிக் கையை நீட்டுவீர்களா? மாட்டேன். ஆனால் இந்தத் தேர்வு யார் கையிலும் ஊசியைக் கொடுப்பதில்லை. பள்ளியின் வெளிக்கதவைத் திறக்கிறது, அவ்வளவுதான். உள்ளே உடற்கூறியல் மறுபடியும், ஈவிரக்கமில்லாமல், வரும். படிப்பு முடிந்த பிறகு உரிமத்துக்காக ‘என்கிளெக்ஸ்’ என்று தனித் தேர்வு இருக்கிறது. அதில் விடாமல் துரத்துகிற கேள்வி எது தெரியுமா? இந்த நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பீர்கள் என்பது. வேதியியலை ஓரங்கட்டியவருக்கு அந்த வேலை கொஞ்சம் பழகியிருக்கும்.

ஒன்றுக்கு மட்டும் கறுப்பு அட்டை மாட்ட யாருக்கும் அனுமதியில்லை: அளவை மாற்றும் கணக்கு. அமெரிக்கர்கள் உடல் எடையைப் பவுண்டில் சொல்வார்கள். மருந்தின் அளவோ பெரும்பாலும் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றிருக்கும். ஒரு கிலோ ஏறத்தாழ 2.2 பவுண்டு. வகுக்க மறந்தால் நோயாளிக்கு இரண்டு மடங்குக்கு மேல் மருந்து போகும். தேர்வுத் திரையிலேயே கால்குலேட்டர் இருக்கிறது. ஆனால் அதற்கு வகுக்கத்தான் தெரியும், வகுக்க வேண்டும் என்று தெரியாது. நர்ஸுக்கு எதற்குக் கணக்கு என்று கேட்பவர்கள், லண்டனில் 1860-இல் நர்சிங் பள்ளி நிறுவிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலிடம் கேட்டிருக்கலாம். கிரிமியப் போரில் சிப்பாய்களைக் காயங்களைவிட நோய்களே அதிகம் கொன்றன என்று வரைபடம் போட்டுக் காட்டியவர் அவர்.

முன்கூட்டியே தொடங்கியிருக்கலாமே என்பது கடைசி ஆட்சேபம். உண்மை, இடைவெளி விட்டுப் பல நாள் படிப்பதற்கு ஈடில்லை. ஆனால் அதைப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சொல்வது, கிணற்றில் விழுந்தவனுக்குக் கைப்பிடிச் சுவரின் அருமையை விளக்குவது மாதிரி. இந்தத் தேர்வை எழுதுகிறவர்களில் இரவெல்லாம் முதியோர் இல்லத்தில் உதவியாளராக நின்றுவிட்டு வருகிறவர் உண்டு, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுப் புத்தகம் திறக்கிற தாய் உண்டு. அவர்களுக்கு ஆறு மாதம் என்பதும் பன்னிரண்டு நாள்தான்; துண்டு துண்டாகக் கிடைக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

டீஸை வீட்டிலிருந்தே எழுதவும் வழியிருக்கிறது. எங்கோ உட்கார்ந்திருக்கிற கண்காணிப்பாளருக்குக் கேமராவைச் சுழற்றி அறையைக் காட்ட வேண்டும். அப்போது சுவரில் ஒட்டுத்தாள் இருக்கக் கூடாது. ஆக, முதல் நாள் வாங்கி வந்ததை எல்லாம் கடைசி நாள் உரித்தெடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் உரிப்பதற்கு முன் கையால் மூடிக்கொண்டு அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிப் பார்க்கிறவருக்கு அந்த அரை மணி நேரம்தான் மொத்தத் தயாரிப்பிலேயே உருப்படியானதாக இருக்கும். கடைசித் தாளில் இலியம் என்றிருக்கும். இடுப்பெலும்பின் மேற்பகுதியும் இலியம், சிறுகுடலின் கடைப்பகுதியும் இலியம். ஆங்கிலத்தில் நடுவே ஓரெழுத்து வித்தியாசம். தமிழில் எழுதி ஒட்டியிருந்தால், எலும்பா குடலா என்று கண்காணிப்பாளரைத்தான் கேட்க வேண்டும்.