பிட்டுக்கு ஆணி அடித்தவர்கள்

அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும் ஒரு விசித்திரமான இடப்பெயர்ச்சி நடக்கும். சாப்பிட்ட தட்டைக் கழுவும் தொட்டிவரை கொண்டுபோய் வைக்காத பதினாறு வயதுப் பிள்ளைகள் தேவாலயத்து வேனில் ஏறி, நாள் முழுக்கப் பயணம் செய்து, அப்பலாச்சிய மலைப்பகுதியில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் கூரைமேல் ஏறி நிற்பார்கள். கையில் சுத்தியல், இடுப்பில் ஆணிப் பை, கூரைக்குக் கீழே வீட்டுக்காரர். ராத்திரி ஏதாவதொரு பள்ளிக்கூடத்துத் தரையில் படுக்கை. ஒரு வாரம் இப்படி உழைப்பதற்குச் சம்பளம் கிடையாது; அவர்கள்தான் ஆளுக்குச் சில நூறு டாலர் கட்டணம் கட்டிவிட்டு வருகிறார்கள். வாரக் கடைசியில் எல்லோரும் வீட்டு வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படத்தில் தானம் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று கேட்டால் எல்.கே.ஜி. குழந்தைகூடப் பட்டென்று சொல்லிவிடும். குழந்தை சொல்வது தப்பு என்பதுதான் என் கட்சி. அந்தப் படத்தில் இருக்கும் ஒரே வள்ளல் வீட்டுக்காரர்.

சலூனில் நேற்றுச் சேர்ந்த பையனிடம் தன் தலையை ஒப்படைப்பவரை நாம் வாடிக்கையாளர் என்று மட்டும் சொன்னால் போதாது; அவர் அந்தப் பையனுக்குக் குரு, கரும்பலகை, பரிசோதனைக்கூடம் எல்லாமும்தான். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பது நம் ஊர்க் கணக்கு. ‘பேரை’ அல்ல, ‘வேரை’ என்று புலவர்கள் திருத்துவார்கள்; நோயாளிகள் யாரும் திருத்தியதாகத் தெரியவில்லை. அதே கணக்கில் ஆயிரம் ஆணியை வளைத்தவன் அரைத் தச்சன். அந்த ஆயிரம் ஆணியையும் வளைத்துப் பழகுவதற்கு ஒரு சுவர் வேண்டும். சொந்த வீட்டுச் சுவர் என்றால் அம்மா விடமாட்டாள். கூலிக்குப் போனால் மேஸ்திரி மூன்றாவது ஆணியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தன் சுவரையும் கூரையையும் கொடுத்து, ‘பழகிக்கொள் தம்பி’ என்று சொல்ல ஒரு பெரிய மனசு தேவைப்படுகிறது. சக்கர நாற்காலிக்கு ஒரு சாய்தளம் போடும் வேலையையே எடுத்துக்கொள்ளலாம். ஓர் அங்குலம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அங்குலம் நீளம் வேண்டும் என்பது அங்குள்ள விதி. வாசற்படி இரண்டரை அடி உயரம் என்றால் சாய்தளம் முப்பது அடி நீளம். வகுப்பறையில் விகிதம் நடத்தியபோது தூங்கிய பையன், அந்த முப்பது அடிப் பலகையையும் அறுத்து வைத்துவிட்டு, திரும்புவதற்கு இடமில்லை என்று அப்போதுதான் கண்டுபிடிப்பான். அந்தக் கண்டுபிடிப்புக்கான பாடக்கட்டணத்தைச் செலுத்துவது வீட்டுக்காரரின் பொறுமை.

இந்தக் காரியத்தைத் தொடங்கிவைத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை என்றே நினைக்கிறேன். 1969ஆம் ஆண்டு கென்டக்கி மாநிலத்துப் பார்பர்வில் என்ற சிற்றூரில் கிளென் ‘டெக்ஸ்’ எவன்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர் ஐம்பது தொண்டர்களைச் சேர்த்து நான்கு வீடுகளைப் பழுதுபார்த்தார். அதுதான் அப்பலாச்சியா சர்வீஸ் பிராஜெக்ட். நான்கு வீட்டுக்கு ஐம்பது பேர் என்றால் வீட்டுக்குப் பன்னிரண்டரை ஆள். நம் ஊர்க் கல்யாணத்தில் பந்தல்கால் நடும்போது கூடி நின்று யோசனை சொல்கிறவர்களின் எண்ணிக்கை. ஆனால் அவர்கள் வைத்துக்கொண்ட குறிக்கோளைக் கவனிக்க வேண்டும். வறுமையை ஒழிப்போம், வாழ்வை மாற்றுவோம் என்றெல்லாம் முழங்கவில்லை. வீடு இன்னும் கொஞ்சம் கதகதப்பாக, இன்னும் கொஞ்சம் பத்திரமாக, இன்னும் கொஞ்சம் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘இன்னும் கொஞ்சம்’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்ட சமூக சேவை உலகத்தில் மிகக் குறைவு. அதே 1969இல், காந்தி நூற்றாண்டை ஒட்டி, செப்டம்பர் 24 அன்று இந்தியாவில் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. ‘எனக்காக அல்ல, உனக்காக’ என்பது அதன் குறிக்கோள். ஏழு நாள் முகாமில் கிராமத்துப் பள்ளிக்கூடத்து வேலியோரம் மாணவர்கள் நட்ட கன்றுகளில் எத்தனை அடுத்த ஆண்டு முகாமுக்கு அதே குழியை விட்டுக்கொடுத்தன என்று அந்தந்த ஊர் ஆடுகளைத்தான் கேட்க வேண்டும். இரண்டு கண்டங்களுக்கும் ஒரே ஆண்டில் ஒரே யோசனை தோன்றியிருக்கிறது: இளைஞர்களைச் சும்மா விடக்கூடாது, யார் வீட்டுக்காவது அனுப்பிவைக்க வேண்டும்.

என் கட்சிக்கு எதிராக வலுவான வாதங்கள் உண்டு. முதலாவது வாதம் கணக்குப்பிள்ளையுடையது. 1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைப் புரட்டிப்போட்டபின், அங்கே வீடு கட்டித்தர வட அமெரிக்கத் தேவாலயக் குழுக்கள் விமானம் ஏறிப் போயின. கர்ட் வேர் பீக் என்ற சமூகவியலாளர் பின்னர் அதை ஆராய்ந்தார். உள்ளூர்க்காரர்கள் கட்டினால் ஒரு வீட்டுக்குச் சுமார் 2,000 டாலர்; அதே மாதிரி ஒரு வீட்டைக் கட்டிக்கொடுக்க வந்த குழுவுக்கு, போக்குவரத்தெல்லாம் சேர்த்துச் சுமார் 30,000 டாலர். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்ற பழமொழிக்கு இதைவிடத் துல்லியமான உரை யாரும் எழுதியதில்லை. அந்த வீடுகளில் குடியேறிய குடும்பங்களிடம் கேட்டால், வெளிநாட்டார் கட்டிய வீட்டுக்கும் உள்ளூரார் கட்டிய வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லையாம். போய்வந்தவர்கள் தங்கள் வாழ்க்கையே மாறிவிட்டது என்றார்கள். அவ்வளவு பெரிய மாற்றம் அவர்கள் செயலில் தெரியவில்லை. ஆகவே, ஆளை அனுப்பாதே, பணத்தை அனுப்பு. வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் உள்ளூர்த் தச்சருக்குக் கூலி கொடு என்கிறார் கணக்குப்பிள்ளை.

ஹோண்டுராஸ் விஷயத்தில் அவர் சொல்வது அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடல் தாண்டிப் போய்ச் சுவர் எழுப்புவதை நியாயப்படுத்த என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்த்தால் ஒரு சங்கடம் வரும். திருவாரூர் ஆழித்தேரைப் பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுகிறது. திருச்சி பெல் நிறுவனத்தார் செய்த ஹைட்ராலிக் பிரேக் அதை நிறுத்துகிறது. வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கானோரில் பாதிப்பேர் தேரை இழுப்பதில்லை. வடம்தான் அவர்களை இழுத்துக்கொண்டு போகிறது. அதற்காக, ‘நீங்கள் வீட்டிலேயே இருங்கள், டீசல் செலவை மட்டும் மணியார்டர் செய்யுங்கள்’ என்று யாராவது சொன்னால் மணியார்டர் வராது. கை வடத்தில் பட்டவன்தான் அடுத்த ஆண்டு தேருக்குச் சக்கரம் செய்யப் பணம் கேட்டால் பையைத் திறப்பான். அப்பலாச்சியாவுக்கு வேனில் வரும் பையனும் அப்படித்தான். அவன் கட்டும் கட்டணத்தில் ஒரு பகுதி பலகையாகவும் தகரமாகவும் மாறுகிறது. பையன் அந்தப் பணம் ஏறிவந்த வாகனம். வாகனம் வரவேண்டாம், சரக்கு மட்டும் வரட்டும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. தேருக்கு உயிர்நாடி வடம் பிடிக்கும் கூட்டம் அல்ல; சக்கரத்துக்கு அடியில் சரியான நேரத்தில் முட்டுக்கட்டை போடுகிற நான்கு பேர். வேலை தெரிந்த அந்த நான்கு பேர் இல்லாத ஊரில் தேர் யார் வீட்டுத் திண்ணைக்குள் புகும் என்று சொல்ல முடியாது. பழுதுபார்க்கும் முகாமிலும் மரவேலை தெரிந்த மேற்பார்வையாளர் இல்லையென்றால் நான் உடனே கணக்குப்பிள்ளையின் கட்சியில் சேர்ந்துவிடுவேன்.

இரண்டாவது வாதம் சிந்தனையாளர் இவான் இல்லிச்சுடையது, காரமானது. 1968 ஏப்ரலில், கோடையில் மெக்சிகோவுக்குச் சேவை செய்யக் கிளம்பவிருந்த அமெரிக்க மாணவர்கள் அவரைப் பேச அழைத்தார்கள். வாழ்த்திப் பேசுவார் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவரோ, உங்கள் நல்லெண்ணம் நாசமாய்ப் போகட்டும் என்கிற தொனியில் ஆரம்பித்தார். மலை ஏற வாருங்கள், பூக்களை ரசிக்க வாருங்கள், படிக்க வாருங்கள். உதவி செய்ய மட்டும் வந்துவிடாதீர்கள் என்று முடித்தார். நம் ஊரில் ஆண்டுவிழாச் சிறப்பு விருந்தினர் இப்படிப் பேசினால் பொன்னாடையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். ஆனால் நடுவில் அவர் சொன்ன ஒரு கருத்துதான் எனக்கு முக்கியம். ஏழைகளோடு வேலை செய்தே தீருவேன் என்று அடம்பிடித்தால், ‘போடா வெளியே’ என்று உன் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஏழைகளிடம் போ. சொன்னது உனக்குப் புரியும் இடத்துக்குப் போ என்றார். இல்லிச் என் கட்சிக்கு எதிரி என்று நினைத்தால் அவர் என் கட்சிக்கு அளவுகோலே செய்து கொடுத்துவிட்டார். தொண்டர் நல்லவரா, ஆணி நேராக இறங்கியதா என்பவையெல்லாம் பிறகு. வீட்டுக்காரர் திட்ட முடிகிறதா? தம்பி, அந்தப் பலகை கோணல், பிடுங்கு என்று அவர் சொன்னால் பலகை பிடுங்கப்படுகிறதா? அப்படியென்றால் அது சேவை. அவர் வாயைக் கட்டிக்கொண்டு புன்னகைக்க வேண்டியிருக்கிறதென்றால், அங்கே நடப்பது வீடு ஆக்கிரமிப்பு.

மூன்றாவது வாதம் அரசியல்காரருடையது. கூரை ஏன் ஒழுகுகிறது என்று கேட்காமல் ஓட்டையை மட்டும் அடைப்பது, புண்ணுக்குப் புனுகு பூசுவது என்பார் அவர். இதிலும் நியாயம் உண்டு. அப்பலாச்சிய மலைகளில் பலரின் வீட்டுமனை அவர்களுக்குச் சொந்தம். மனைக்கு அடியில் இருந்த நிலக்கரி கம்பெனிக்குச் சொந்தம். பாட்டன் காலத்தில் போட்ட பத்திரத்தைக் காட்டி, நிலக்கரியை எடுக்க மேலே இருப்பதைப் புரட்டும் உரிமையும் தங்களுக்கு உண்டு என்று கம்பெனிகள் சொல்லிவந்தன. அதற்குக் கென்டக்கி மக்கள் வாக்களித்துக் கடிவாளம் போட்டது 1988இல்தான். அங்கே 1964இல் மாணவத் தொண்டர்கள் ஒற்றை அறைப் பள்ளிக்கூடங்களைப் பழுதுபார்க்கப் போனார்கள். பெயின்ட் அடித்தவரை எல்லோருக்கும் அவர்கள் தங்கப்பிள்ளைகள். அடித்து முடித்துவிட்டு, இந்தப் பள்ளிக்கூடம் இத்தனை காலம் இப்படிக் கிடந்தது ஏன், மலையைத் தோண்டுகிறவர்கள் ஊருக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்க ஆரம்பித்ததும் தேசத்துரோகிகள் ஆனார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, 1967இல் பைக் கவுன்டியில் அவர்களில் ஒருவரை உண்மையிலேயே ராஜதுரோகச் சட்டத்தில் கைதுசெய்தார்கள். சில வாரங்களில் அந்தச் சட்டமே செல்லாது என்று மத்திய நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசியல்காரர் இதைத் தம் வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டுவார். எனக்கு இது வேறு விதமாகப் படுகிறது. அந்தக் கேள்வி அவர்களுக்குப் புத்தகத்திலிருந்து மட்டும் வரவில்லை. தூரிகையோடு அந்தச் சுவரின் எதிரில் நின்றபோதும் வந்தது. ஒழுகும் கூரைமேல் ஏறி நின்றவர்கள் எல்லோரும் கேள்வி கேட்பார்கள் என்று சொல்லவில்லை. பெரும்பாலோர் செல்ஃபிதான் எடுப்பார்கள். ஏறாதவனுக்கு அந்தக் கேள்வி தோன்றுவது அதைவிட அரிது.

கடைசி வாதம்தான் என்னைக் கொஞ்சம் நெளியவைப்பது. வீட்டுக்காரரை வள்ளல் என்பது அழகான பேச்சு. இல்லாதவருக்குப் பட்டம் கட்டிவிட்டு நகர்ந்துவிடும் தந்திரம் என்று ஒருவர் சொல்லலாம். வேறு வழியில்லாமல் தலையைக் கொடுத்தவரை வள்ளல் என்றால் பலி ஆடும் வள்ளல்தான். இதற்குப் பதில் மதுரையில் இருக்கிறது. வைகையில் வெள்ளம் வந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வேண்டும் என்றான் பாண்டியன். பிட்டு விற்கும் கிழவி வந்திக்கு ஆள் இல்லை. கூலியாளாக வந்த சிவபெருமான் அவள் வீட்டுப் பங்குக்கு மண் சுமக்க ஒப்புக்கொண்டார். போய், பிட்டைத் தின்றார், பாடினார், ஆடினார், மரத்தடியில் தூங்கினார், பாண்டியனிடம் பிரம்படியும் வாங்கினார். உலகத்தின் முதல் கோடைமுகாம் தொண்டர் அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கதையில் வந்தி கையேந்தவில்லை. உதிர்ந்த பிட்டுதான் கூலி என்று பேசி முடித்து ஆள் வைத்தவள் அவள், முதலாளி. ஏழைதான், ஆனால் ஒப்பந்தம் அவளுடையது. 1976இல் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி, வீடு பெறுகிறவரும் குறிப்பிட்ட மணிநேரம் உழைக்க வேண்டும், கடன் தவணை கட்ட வேண்டும் என்று வைத்ததும் இந்த ஒப்பந்தத்துக்காகத்தான். ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் வீட்டுக்காரர் வள்ளல். இல்லாத இடத்தில் பலி ஆடு. அந்த அளவுக்கு என் கட்சியைத் திருத்திக்கொள்ளத் தயார்.

மேரிலாந்து மாநிலத்தில் எழுபத்தைந்து மணிநேரச் சேவை காட்டாமல் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் கிடைக்காது. அங்கே வாழும் தமிழ்ப் பெற்றோர்களும், வீட்டில் பல்பு மாற்ற விடாத பிள்ளையை, ‘எத்தனை மணி ஆச்சு?’ என்று வட்டிக்கணக்குபோல் விசாரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படிவத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தால் இத்தனை வாதமும் தேவைப்படாது. தொண்டர் உழைத்த மணிநேரத்துக்கு ஒரு கட்டம் இருப்பதுபோல, வீட்டுக்காரர் பொறுத்துக்கொண்ட மணிநேரத்துக்கும் ஒரு கட்டம் போட்டு, அதை அவர் கையாலேயே நிரப்பச் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்ற முடிவையும் அவரிடமே விட்டுவிட வேண்டும். மறுத்தால் பையன் அடுத்த கோடையிலும் வந்து, வளைத்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். பாண்டியன் கையில் இருந்த பிரம்புக்கு அதுதான் இந்தக் காலத்துப் பதிலி. அன்றைக்கு அடி வாங்கியவர் ஒரு கூடை மண்ணைக் கொட்டினார், கரை நின்றுவிட்டது. நம் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் கூரை அடுத்த மழைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.